பழைய அம்பாசிடருக்கு டிஸ்க் பிரேக்: செய்யுமுன் கவனிக்க

அப்பா காலத்து அம்பாசிடரை நம்மில் சிலர் இன்றும் விடாமல் வைத்திருக்கிறோம். 2014-இல் உற்பத்தி நின்ற வண்டி அது. கொள்முதலுக்காகக் கோவில்பட்டியிலிருந்து விருதுநகர், மதுரை என்று நான்குவழிச் சாலையில் போகிறோம். சாலை மாறிவிட்டது, பிரேக் மாறவில்லை. வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

பழைய வண்டியில் நான்கு சக்கரமும் டிரம். உள்ளே லைனிங் உரசும் சூடு எளிதில் வெளியேறாது. அடுத்தடுத்து மிதித்தால் பிடிப்பு குறையும். டிஸ்க் தகடு வெளிக்காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும். பாரம் முன்னால் சாய்வதால் முன்சக்கரங்களுக்கு மட்டும் மாற்றினாலே பெரும்பலன் உண்டு.

மெக்கானிக்கிடம் நாம் கேட்க வேண்டியவை:

1. டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம் வேண்டும். பூஸ்டர் உண்டா?

2. மாஸ்டர் சிலிண்டர் பொருந்துமா? டிரம்முக்கான வால்வு அப்படியே இருந்தால் டிஸ்க் எப்போதும் லேசாகப் பிடித்தே நிற்கும்.

3. காலிப்பர் ரிம்மில் இடிக்காதா?

கரிசல் பாதையில் போய்வந்தால் தகட்டில் ஒட்டிய மண்ணைக் காயுமுன் கழுவ வேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முதலில் கேட்டுக்கொள்வோம். விபத்துக்குப் பின் கேட்டுப் பயனில்லை.

செலவு கட்டாதவர்கள் டிரம்மைக் கடைந்து, புது லைனிங் போட்டு, பிரேக் ஆயிலை மாற்றி, வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். அதுவும் நல்ல வழிதான்.