குழந்தைகளுக்குப் படமெடுக்க வரும் தம்பி, தங்கைகளுக்கு

பெர்லின், ஸ்லீன், மால்மோ போன்ற ஐரோப்பிய விழாக்களுக்குச் சிறுவர் குறும்படம் அனுப்ப ஆசைப்படுகிறீர்கள். இந்தப் படங்களை நெடுங்காலமாகப் பார்த்துவரும் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கேளுங்கள்.

1. தீர்ப்புச் சொல்பவர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெர்லின் விழாவில் சிறுவர் பிரிவு 1978இல் தொடங்கியது. இன்று அங்கே ‘கேபிளஸ்’ என்ற சிறுவர் படப் போட்டியில் 11 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளே நடுவர்கள். முழுநீளப் படம் ஒன்றுக்கும் குறும்படம் ஒன்றுக்கும் ‘கிரிஸ்டல் கரடி’ விருது தருகிறார்கள். பெரியவர்களின் நடுவர் குழு தனியாக உண்டு. என்னைக் கேட்டால், பிள்ளைகள் கையால் வாங்கும் கரடிக்கே மதிப்பு அதிகம். இயக்குநரின் பெயரும் புகழும் அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல.

2. 1988 முதல் இயங்கும் ஐரோப்பியச் சிறுவர் திரைப்படச் சங்கம் தரும் விருது வேறு வகை. ஐரோப்பியப் படங்களுக்கு மட்டுமே அது. பாரிஸிலும் ஆஸ்லோவிலும் பிறந்து வளர்ந்து அங்கேயே படமெடுக்கும் நம் பிள்ளைகளுக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது.

3. வசனத்தைக் குறையுங்கள். சின்னப் பிள்ளைகளால் சப்டைட்டிலை ஓடி ஓடிப் படிக்க முடியாது. அதனால் பெர்லினில் ஒருவர் அரங்கிலேயே உட்கார்ந்து வசனங்களை ஜெர்மன் மொழியில் வாசிப்பார். பாத்திரங்கள் ஓயாமல் பேசினால் அந்தக் குரல் மட்டும்தான் காதில் விழும், படம் போய்விடும்.

4. பாடம் நடத்தாதீர்கள். செக் நாட்டின் ஸ்டெனெக் மிலரிடம், ஆளிநார்த் துணி (லினன்) எப்படி உருவாகிறது என்று குழந்தைகளுக்கு விளக்கும் படம் எடுக்கச் சொன்னார்கள். அவர் 1957இல் எடுத்தது ஒரு குட்டி அகழெலியின் கதை. அதற்கு வேண்டியதெல்லாம் பெரிய பைகள் வைத்த ஒரு கால்சட்டை. ஆளிச்செடியை வளர்க்கிறது, சிலந்திகள் நூற்கின்றன, எறும்புகள் நெய்கின்றன, நண்டு வெட்டுகிறது, ஒரு குருவி தைக்கிறது. துணி நெய்யும் முறை முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் பிள்ளை பார்ப்பது கால்சட்டை கிடைக்குமா, கிடைக்காதா என்பதைத்தான். பிறகு வந்த அகழெலிப் படங்களில் மிலர் வசனத்தையே விட்டுவிட்டார். தம் மகள்களின் சிரிப்பும் சிணுங்கலுமே அகழெலிக்குக் குரலாயின. உலகமெங்கும் அந்த எலி போனதற்கு அதுவும் காரணம்.

5. துக்கத்தை ஒளிக்காதீர்கள். ஆல்பர்ட் லாமொரிஸ் தம் மகன் பாஸ்கலையே நடிக்கவைத்து எடுத்த ‘சிவப்பு பலூன்’ (1956) 34 நிமிடம்தான். பாரிஸின் பழைய தெருக்களில் சிறுவன் பின்னாலேயே வரும் பலூனை மற்றப் பையன்கள் அடித்து வீழ்த்துகிறார்கள். அது மெல்லச் சுருங்கிச் சாவதை லாமொரிஸ் அவசரமில்லாமல் காட்டுகிறார். கானில் குறும்படப் பரிசும், திரைக்கதைக்கு ஆஸ்கரும் அந்தப் படத்துக்குக் கிடைத்தன. பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அந்தக் காட்சியை வெட்டியிருந்தால் படமே இல்லை.

6. விதிமுறைகளை வரிவரியாகப் படியுங்கள். ஏற்கெனவே இணையத்தில் போட்ட படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை.

7. அனுப்புமுன் உறவில்லாத பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள். அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் நெளிகிறார்களோ அங்கே கத்தரி வையுங்கள். எவ்வளவு அழகான ஷாட்டாக இருந்தாலும் சரி.

8. தேர்வானால், படம் முடிந்ததும் நடக்கும் கேள்வி நேரத்தைத் தவறவிடாதீர்கள். “அந்த நாய் நிஜமாகவே செத்துப்போச்சா?” என்று ஏழு வயசுப் பிள்ளை கேட்கும். சிரித்து மழுப்பாமல், குனிந்து அதன் கண்ணைப் பார்த்து உண்மையான பதிலைச் சொல்லிவிட்டு வாருங்கள்.