உள்ளத்து நோய்க்கு உரையாடல் மருந்து

தேவாரம் போன்ற ஊர்களில் காய்ச்சல் கண்டவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல எவரும் நாணுவதில்லை. மூன்று திங்களாக உறக்கமின்றி வாடுபவரை அழைத்துச் செல்லத்தான் அஞ்சுகின்றனர். "பயந்த கோளாறு" என்பர், "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்பர், ஓதிய தண்ணீர் கொடுப்பர், தாயத்துக் கட்டுவர். வீட்டுப் பிள்ளைகளின் திருமணப் பேச்சு தடைப்படுமே என்னும் அச்சம் குடும்பத்தார் வாயை அடைத்துவிடுகிறது. அவ்வச்சத்தை நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

உளநோயைப் பேச்சால் தணிப்பது மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். அது முற்றிலும் பொருந்தாது. கி.பி. 850 அளவில் பல்க் பகுதியில் பிறந்து 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் அரபு நூலில் உடல்நலத்தையும் உளநலத்தையும் இரு பகுதிகளாக வைத்து ஆராய்ந்தார். சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்னும் ஊசாட்டம் ஆகிய நான்கையும் தனித்தனியே விளக்கினார். துயரத்திலும் காரணம் தெரிந்தது ஒன்று, காரணம் புலப்படாமல் உடற்கோளாற்றால் எழுவது மற்றொன்று எனப் பிரித்துக் காட்டினார். வீட்டில் மருந்துப் பொருள்களைச் சேமித்து வைப்பது போல, மனம் அமைதியாயிருக்கும் வேளையிலேயே நல்லெண்ணங்களைத் தேடி வைத்துக் கலக்கம் வரும்போது எடுத்தாள வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த அறிவுசார் சிகிச்சையும் இதற்கு அண்மையிலேயே நிற்கிறது. நிகழ்ச்சியைக் காட்டிலும் அதைப்பற்றித் தாமாகவே எழும் எண்ணங்களே நம்மைப் பெரிதும் வாட்டுகின்றன. அவ்வெண்ணங்களைச் சான்று கேட்டு விசாரிக்கலாம் என்றார் அவர்.

இத்தகைய சிகிச்சை எவ்வாறு செயற்படுகிறது? திராட்சை விலை வீழ்ந்து கடன்பட்ட ஓர் உழவரை எண்ணிக்கொள்வோம். தோட்டத்திற்குப் போவதில்லை, தொழுகைக்குப் போவதில்லை, தேநீர்க்கடைப் பேச்சும் நின்றுவிட்டது. "மனம் தேறட்டும், பிறகு எழுகிறேன்" என்கிறார். சிகிச்சையாளர் இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறார். முதலில் எழ வேண்டும். மனம் பின்னரே தேறும். நாளைக் காலை கிணற்றடி வரை நடப்பது, மறுநாள் ஒரு நண்பரைப் பார்ப்பது எனச் சிறு செயல்களை அவருடன் கலந்து குறித்து, ஒவ்வொன்றுக்கும் பின் மனநிலை எவ்வாறிருந்தது என்று எழுதச் செய்கிறார். "தைரியமாக இரு" என்னும் நம் வழக்கமான அறிவுரைக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

ஊசாட்டத்திற்கு முறை வேறு. உளூச் செய்த பின்னும் ஏதோ ஓர் உறுப்பு நனையவில்லையோ என ஐயுற்று மீண்டும் மீண்டும் கழுவுவோர் உண்டு. இதனைப் பேணுதல் மிகுதி எனக் குடும்பத்தார் பாராட்டுவதும் உண்டு! கழுவுந்தோறும் ஐயம் சற்றுத் தணிகிறது. அத்தணிவே அடுத்த ஐயத்திற்கு உரமாகிறது. ஆதலின் ஐயம் எழுந்தும் கழுவாமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்குகின்றனர். ஏறிய பதற்றம் தானே இறங்குவதை நோயாளி தம் அனுபவத்தால் அறிகிறார். மும்முறைக்கு மேல் கழுவுவதை மார்க்கச் சட்டம் விரும்பவில்லை என்பதை இமாம் எடுத்துரைப்பாராயின் சிகிச்சையாளரின் பணி பாதி குறையும்.

இவற்றைச் செய்ய மனநல மருத்துவர்தாம் வேண்டும் என்பதில்லை. கோவாவில் சங்கத் என்னும் அமைப்பு உள்ளூர் மக்களுக்கே பயிற்சியளித்து, கடும் மனச்சோர்வு உடையோர்க்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தச் செய்தது. 2017இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களில் நோய் தணிந்தோர் இவர்களுள் 64 விழுக்காடு. அமர்வுகள் இல்லாத பிரிவில் 39 விழுக்காடு.

எனினும் எல்லா நோய்க்கும் உரையாடல் போதாது. இல்லாத குரல்களைக் கேட்டு நிலைதடுமாறுவோர்க்கு மருந்து இன்றியமையாதது. அத்தகையோரை ஏர்வாடிக்கு அழைத்துச் செல்வது தென்மாவட்டங்களில் நெடுநாள் வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். நம்பி விட்டுவந்த உறவினர் கொடியவர் அல்லர். வேறு வழி அறியாதவர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடுத்துவிட்டது. ஏர்வாடித் தர்காவிலேயே பின்னாளில் மருந்தையும் துஆவையும் இணைக்கும் அரசுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. துஆவை விட்டுவிட்டு வருமாறு எவரையும் அத்திட்டம் கேட்கவில்லை.

தேவாரத்தார்க்கு அண்மையில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. நேரில் செல்லத் தயங்குவோர், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் கல்லூரி விடுதிச் சுவரிலும் இவ்வெண்ணை எழுதி வைக்கலாம்.