வரண்ட நிலத்துக் காய்கறித் தோட்டம்: நீரும் எருவும்



பலெர்மோ நகரின் பழம்பெருஞ் சந்தைகளுள் ஒன்று வுச்சீரியா. ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ 1974ஆம் ஆண்டில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் அச்சந்தையின் அன்றைய செழிப்பைக் காணலாம். இன்று அங்கு கடைகள் அருகிவிட்டன. ஆயினும், கோடையில் மழை அரிதான இத்தீவில் இத்துணைக் காய்கறிகள் விளைந்தது எங்ஙனம்? இதன் விடையை அறிந்தால் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களின் சிறப்பும் புலனாகும்.

நீரைக் காத்தல்

831ஆம் ஆண்டில் அரேபியர் பலெர்மோவைக் கைப்பற்றினர். அவர்கள் வழி இங்கு நீர்ப்பாசனக் கலை வேரூன்றியது. நிலத்தடி நீரை மென்சரிவுடைய சுரங்க வாய்க்கால்கள் கொண்டுவந்தன. இவை 'கனாத்' எனப்படும். நிலத்தின் கீழ் ஓடும் நீரை வெயில் உறிஞ்சுவதில்லை. தோட்டத்து நீர்த்தொட்டியைச் சிசிலியர் 'ஜெபியா' என்றும், வாய்க்காலைச் 'சாயா' என்றும் அழைப்பர். இரண்டும் அரபு வழிச் சொற்களே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழையைச் சுண்ணக்கற்பாறை தன்னுள் தேக்கிவைக்கிறது. அந்நீரை நம் முன்னோர் துலா மிதித்து இறைத்து, வாய்க்கால் வழியே பாத்திகளுக்குப் பாய்ச்சினர்.

மண்ணை வளப்படுத்தல்

தோட்டத்தில் ஆடு மாடுகளைப் பட்டி அடைத்தலும், பூவரசு முதலியவற்றின் குழைகளை மண்ணில் தாழ்த்தலும் நம்மவர் வழக்கம். உக்கிய குழை பயிருக்கு உணவாகும். மண்ணின் ஈரத்தையும் பிடித்துவைக்கும். ஆகவே வரண்ட நிலத்தில் எருவிடுதல் நீரைச் சேமிக்கும் வழியுமாகும்.

அளவு மீறினால்

யூரியாவில் 46 வீதம் நைதரசன் உண்டு. பயிர் உண்ணாது எஞ்சும் நைதரசன் நைத்திரேற்றாக மாறி, பாய்ச்சும் நீருடன் கீழிறங்குகிறது. சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே அது கிணற்றை எளிதில் அடையும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அது மிகுந்தால் கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். தோட்டத்தில் அளவின்றி இட்ட உரம் தொட்டில் வரை வருகிறது!

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. அதிகாலையில் அல்லது வெயில் தாழ்ந்தபின் வேரடியில் நீர் விடுக.
2. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நிற்க ஒரு லீற்றர் வேண்டும். இக்கணக்கை அறிந்து நீர் விடுக.
3. வைக்கோலால் அல்லது சருகால் மண்ணை மூடுக.
4. உலர்ந்த மண்ணில் செயற்கை உரம் இடற்க; வேர் கருகும். ஈரமண்ணில், சிறிது சிறிதாகப் பல தடவை இடுக.
5. நன்கு உக்கிய எருவையே இடுக.

2024ஆம் ஆண்டின் கடும் வரட்சியால் சிசிலியில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டதைப் பெற்றோர் மறந்திரார். எனவே சிக்கனம் இவ்வூரிலும் நம் கடமையே.

பயிற்சி

1. 'கனாத்' நீரை எவ்வாறு காக்கிறது?
2. குழை தாழ்த்தலால் விளையும் இரு நன்மைகள் யாவை?
3. இரு சாடிகளில் ஒரே அளவான தக்காளி நாற்றுகளை நடுக. ஒன்றின் மண்ணை மட்டும் வைக்கோலால் மூடுக. இரண்டுக்கும் ஒரே அளவு நீர் விட்டு, எம்மண் முதலில் உலர்கிறது என ஒரு வாரம் குறித்துவருக.