வளர்ப்புப் பூனையின் கடியும் பிறாண்டலும்

எலித்தொல்லையைக் குறைப்பதற்காகப் பூனையைப் பேணும் வழக்கம் நம் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் உண்டு. நகரங்களில் அது தோழமைக்காகவும் வளர்க்கப்படுகிறது. இவ்வாறு அன்புடன் வளர்க்கப்படும் பூனையே சில வேளைகளில் வளர்ப்பவரின் கையைக் கடித்துவிடுகிறது. அல்லது நகத்தால் பிறாண்டிவிடுகிறது. அப்போது அதனை நன்றி கெட்ட பிராணி என்று அடிப்பவர் சிலர். காயம் சிறிதுதானே என்று மறந்துவிடுபவர் பலர். இவ்விரண்டும் தவறு. முன்னது பூனையை மேலும் கடிக்கத் தூண்டுகிறது. பின்னது சில சமயங்களில் உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. பூனை கடிப்பதன் காரணத்தை அறிதலும், காயத்தை மறைக்காமல் உடனே கவனித்தலும் இப்பாடத்தின் இரு நோக்கங்களாகும்.

பூனையின் பற்களும் நகங்களும்

பூனை ஊனுண்ணும் விலங்கு. வளர்ந்த பூனைக்கு 30 பற்கள் உண்டு. அவற்றுள் நான்கு கோரைப்பற்கள் ஊசிபோல் கூரியவை. முன்னங்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் 4, ஆக 18 நகங்கள் உள்ளன. நடக்கும்போது இந்நகங்கள் உள்ளடங்கியிருக்கும். இரையைப் பற்றும்போதும், மரமேறும்போதும், தன்னைக் காத்துக்கொள்ளும்போதும் வெளிப்படும். நகத்தின் தேய்ந்த மேலுறையை உதிர்ப்பதற்காகவும், தன் மணத்தைப் பதிப்பதற்காகவும் அது கதவையும் நாற்காலியையும் பிறாண்டுகிறது. இது தீய பழக்கமன்று; இயற்கைத் தேவையாகும்.

கடிப்பதற்குரிய காரணங்கள்

முதலாவது காரணம் விளையாட்டு. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, அளவு மீறிக் கடித்தால் மற்றது விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு மெதுவாகக் கடிக்க வேண்டும் என்பதை அவை இவ்வாறே கற்கின்றன. எட்டு வாரம் நிறைவதற்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிக்கு இப்பயிற்சி முழுமையாகக் கிடைப்பதில்லை. அத்தகைய குட்டியின் முன் விரல்களை ஆட்டி விளையாட்டுக் காட்டினால், மனிதனின் கை ஓர் இரை என்றே அது பழகிவிடும். குட்டியாயிருந்தபோது வேடிக்கையாகத் தோன்றிய கடி, அது வளர்ந்தபின் குருதி வரும் காயமாகிறது.

இரண்டாவது, அளவுக்கு மிஞ்சித் தடவுதல். மடியில் அமைதியாகக் கிடந்த பூனை திடீரெனக் கடித்தது என்பர். உண்மையில் அது திடீரென நிகழ்வதன்று; ‘போதும்’ என்று பூனை காட்டிய குறிப்பை வளர்ப்பவர் கவனிக்கவில்லை என்பதே பொருள்.

மூன்றாவது, அச்சம். மூலையில் அடைபட்ட பூனையும், வலிந்து தூக்கப்படும் பூனையும் தப்புவதற்கு வேறு வழியின்றிக் கடிக்கும். குட்டி ஈன்ற தாய்ப்பூனையும் அவ்வாறே. நான்காவது, இடம் மாறிய சினம். சன்னலுக்கு வெளியே அயற்பூனையைக் கண்டு சீறிக்கொண்டிருக்கும் பூனையை அவ்வேளையில் தொட்டால், அதன் சினம் தொட்டவர்மேல் பாயும்.

ஐந்தாவது, நோவு. இதுவரை சாதுவாக இருந்த பூனை காரணமின்றிக் கடிக்கத் தொடங்கினால், பல், காது, மூட்டு முதலியவற்றில் வலி உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

முன்னறிகுறிகள்

கடிப்பதற்கு முன் பூனை பெரும்பாலும் எச்சரிக்கை செய்கிறது. வாலின் நுனி துடிக்கும். பின்னர் வால் முழுவதும் வீசியடிக்கும். முதுகின் தோல் சிலிர்க்கும். காதுகள் பக்கவாட்டில் திரும்பிப் பின்னே படியும். கண்ணின் கருமணி விரியும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் கையை மெல்ல விலக்கிக்கொள்ள வேண்டும். நாய் வாலாட்டுதல் நட்பின் அடையாளம் என்று கற்ற சிறுவர், பூனையின் வால் வீச்சையும் அவ்வாறே கருதிவிடுதல் இயல்பு. இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் தெளிவாக விளக்குதல் நன்று.

பழக்கும் முறை

கையை விளையாட்டுப் பொருளாக ஆக்கலாகாது. கயிற்றின் நுனியில் கட்டிய துணிப்பந்தை இழுத்து, நாள்தோறும் சில முறை விளையாட விட்டால், வேட்டையாடும் இயல்பு அதில் தணியும். விளையாடி முடிந்ததும் நூல், கயிறு முதலியவற்றைப் பூனை விழுங்காதபடி எடுத்து வைத்துவிட வேண்டும். உறுதியான கட்டையில் சாக்கைச் சுற்றி நிறுத்தினால் பிறாண்டுவதற்கு இடம் கிடைக்கும். கடித்தால் உடனே விளையாட்டை நிறுத்தி அப்பால் செல்ல வேண்டும். அடித்தலும் உரக்க அதட்டலும் அச்சத்தை வளர்க்கும். அச்சம் மீண்டும் கடியை வளர்க்கும். நகத்தின் கூர்நுனியை மட்டும் அவ்வப்போது வெட்டலாம். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் குருதிக்குழாயும் நரம்பும் இருப்பதால் அதனை வெட்டலாகாது. நகத்தை வேரோடு நீக்குதல் என்பது விரலின் நுனி எலும்பையே அறுத்தெடுப்பதாகும், அது கொடுமை.

காயம் பட்டவுடன் செய்ய வேண்டியன

பூனைக்கடி வெளியே சிறு துளையாகத் தோன்றினும் உள்ளே ஆழமாகச் செல்கிறது. வாயிலுள்ள பாஸ்டுரெல்லா முதலிய நுண்ணுயிர்கள் அவ்வழியே புகுந்து, ஒரு நாளைக்குள்ளாகவே வீக்கமும் வலியும் உண்டாக்கக்கூடும். கை மூட்டுகளில் பட்ட கடி மிகவும் கவனிக்கத்தக்கது. தெள்ளுப்பூச்சியால் பூனைகளிடையே பரவும் பார்ட்டொனெல்லா என்னும் நுண்ணுயிர், பிறாண்டிய காயத்தின் வழியே உடலில் சேர்ந்தால், சில வாரங்களில் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டிக் காய்ச்சல் வரலாம். இரணஜன்னிக்குரிய தடுப்பு ஊசி தேவையா என்பதையும் மருத்துவர் முடிவு செய்வார்.

இவை யாவற்றினும் கொடியது வெறிநோய். நம் நாட்டில் இது பெரும்பாலும் நாய்க்கடியால் வருகிறது. ஆயினும் பூனையாலும் வரக்கூடும். நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் ஏறத்தாழ இல்லை. குறிகள் தோன்றுமுன் தக்க சிகிச்சை பெற்றால் நோயைத் தடுக்க முடியும். ஆகவே பின்வருவனவற்றை வரிசையாகச் செய்க.

1. ஓடும் நீரிலும் சவர்க்காரத்தாலும் காயத்தை 15 நிமிடம் கழுவுக. பின்னர் கிருமிநாசினி இடுக.
2. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதனையும் அப்பலாகாது.
3. அன்றே மருத்துவமனைக்குச் செல்க. குருதி வராத சிறு பிறாண்டலுக்கும் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்துக் குருதி வந்திருந்தால், தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருளையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவர்.
4. பூனையைக் கொல்லவோ தொலைவில் கொண்டுபோய் விடவோ வேண்டா. அதனை 10 நாள் கண்காணிக்க வேண்டும். ஆனால் அம்முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது.

வளர்ப்புப் பூனைக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் கூறும் காலந்தோறும் மீண்டும் போடுதல் உரிமையாளரின் கடமை.

ஊசி பற்றிய பழைய அச்சம்

காயத்தை மறைப்பதற்கு ஊசி பற்றிய அச்சமும் ஒரு காரணம். 1885ஆம் ஆண்டில் பிரான்சில் லூயி பாஸ்டர் வெறிநோய்த் தடுப்பு முறையை முதன்முதல் மனிதரிடம் கையாண்டார். நம் நாட்டில் 1900இல் கசௌலியிலும், 1907இல் குன்னூரிலும் அவர் பெயரால் நிலையங்கள் எழுந்தன. கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் வகுத்த முறைப்படி, ஆட்டின் மூளையிலிருந்து எடுத்த மருந்தை வயிற்றில் நாள்தோறும் செலுத்தி வந்தனர். தொப்புளைச் சுற்றி ஊசி என்னும் பேச்சு அக்காலத்தது. அம்மருந்து இந்தியாவில் 2004ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. இன்றைய மருந்து திசு வளர்ப்பில் உண்டாக்கப்படுவது. வளர்ந்தவர்க்குப் புஜத்தில் போடப்படுவது. 2019ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, தொடங்கும் நாளைப் பூஜ்ய நாளாகக் கொண்டு, தோலினுள் செலுத்துவதாயின் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், தசையில் செலுத்துவதாயின் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் போட வேண்டும். வலி தணிந்தது என்று இடையில் நிறுத்திவிடலாகாது.

வகுப்பறைக்கும் களப்பணிக்கும்

வீட்டுக்குத் தெரியாமல் தெருப்பூனைக் குட்டியைத் தூக்கி விளையாடிய சிறுவன், பிறாண்டல் பட்டதும் அடிக்கு அஞ்சிச் சட்டைக் கையால் அதை மறைக்கிறான். மருத்துவம் தவறுவது இவ்விடத்திலேதான். ஆதலின் காயத்தைக் காட்டும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருத்தல் சிகிச்சையின் முதற்படி என்பதை ஆசிரியர்கள் பெற்றோர்க்கு எடுத்துரைப்பாராக. களப்பணியாளர் வீடு வீடாகச் செல்லும்போது நாய்க்கடியை மட்டும் விசாரியாமல், பூனைப் பிறாண்டலையும் கேட்டறிதல் வேண்டும். தொடங்கிய ஊசியை முடித்தனரா என்றும் வினவுதல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. பூனை கடிக்கப்போகிறது என்பதை எவ்வெக்குறிகளால் அறியலாம்?
2. கடித்த பூனையை அடிப்பதால் பயனில்லை, ஏன்?
3. சிறு பிறாண்டலுக்கும் மருத்துவமனை செல்ல வேண்டுவது எதனால்?
4. உன் தம்பி பூனைப் பிறாண்டலை மறைத்திருப்பதைக் கண்டால், முதலில் என்ன சொல்வாய்? அடுத்து என்ன செய்வாய்?