எலியின் பாதம் காட்டிய வழி

முள் குத்திய விரல் சிவந்து, சூடேறி, வீங்கி வலிப்பதே அழற்சி. அதைத் தூண்டும் பொருள்களுள் ஒன்று பிராடிகைனின். 1948இல் பிரேசில் அறிஞர் ரோச்சா இ சில்வா குழுவினர், ஜராரக்கா என்னும் பாம்பின் நஞ்சை இரத்தப் புரதத்துடன் கலந்தபோது வெளிப்பட்டது. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு பெப்டைடு அது.

அதனை அடக்க இன்னொரு பெப்டைடையே நாடினர். ஆனால் இரத்தத்திலுள்ள நொதிகள் பெப்டைடுகளைக் கத்தரித்துவிடுமே! பிராடிகைனினின் ஆயுளே சில விநாடிகள்தாம். எனவே இக்காட்டிபன்ட் என்ற மருந்தின் பத்து அமினோ அமிலங்களில் ஐந்து, உடல் புரதம் கட்டப் பயன்படுத்தும் இருபதில் சேராதவையாக அமைக்கப்பட்டன. அவற்றை நொதிகளால் எளிதில் அறுக்க இயலவில்லை. இந்தச் சூழ்ச்சிதான் என்னை மிகவும் கவர்ந்தது.

அடுத்து விலங்குச் சோதனை. செங்கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனனை எலியின் பின்பாதத்தில் செலுத்த, சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். (இராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மிதவைகளில் வளர்க்கும் பாசியும் கராஜீனன் தருவதே.) பாதத்தைத் திரவத்தில் அமிழ்த்தினால், வெளியேறும் திரவமே வீக்கத்தின் அளவு. ஆர்க்கிமிடீஸ் கண்ட வழிதானே இது! 1991இல் வெளியான ஆய்வில் இம்மருந்து அவ்வீக்கத்தைக் குறைத்தது.

ஆயினும் எலி வேறு, மனிதன் வேறு. 2008இல் ஐரோப்பாவில் இம்மருந்து ஏற்கப்பட்டது மூட்டுவலிக்கன்று. தொண்டை வீங்கி மூச்சடைக்கச் செய்யும் அரிய பரம்பரை நோய் ஒன்றுக்கே.