மரபணு மாற்றம்: எழுதுகிறவர்கள் கவனத்துக்கு

சமையல் குறிப்பு, வேளாண் பக்கம், உடல்நலத் தொடர், வாட்ஸ்அப்பில் சுற்றும் நாலு வரி என எங்கே திரும்பினாலும் ‘மரபணு மாற்றம்’ தட்டுப்படுகிறது. பாதி இடங்களில் அது வசவு. மீதி இடங்களில் மந்திரம். அந்தச் சொல் குறிப்பது ஒரு முறையை மட்டுமே. ஓர் உயிரினத்தின் மரபணுத் தொகுப்பில் ஆய்வுக்கூடத்தில் வேறொரு மரபணுவைச் சேர்த்தார்கள். விளைந்தது நல்லதா கெட்டதா என்பது அந்தப் பெயரில் இல்லை.

செய்ய வேண்டியவை

பயிரின் பெயரையும் சேர்த்த குணத்தையும் சொல்லுங்கள். ‘மரபணு மாற்றப் பயிர்களால் பூச்சிமருந்து குறையும்’ என்பது அரைகுறை வாக்கியம். எந்தப் பயிர்? பி.டி. பருத்தி என்றால் பேச்சு தரைக்கு வரும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கப் பெயர்தான் பி.டி. அதிலிருந்து எடுத்த மரபணு, செடிக்குள் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. செடியைத் தின்னும் காய்ப்புழு அந்தப் புரதத்தால் சாகிறது. தங்க அரிசியில் நோக்கமே வேறு: வைட்டமின் ஏ குறைபாட்டுக்காக அரிசிமணிக்குள் பீட்டா கரோட்டினை உண்டாக்குவது. அமெரிக்காவிலும் பிரேசிலிலும் விளையும் சோயாவில் பெரும்பகுதி களைக்கொல்லியைத் தாங்கி நிற்பதற்காக மாற்றப்பட்டது. பூச்சிமருந்துச் செலவு இறங்கியதா என்று பருத்தியைப் பற்றிக் கேட்கலாம். தங்க அரிசியைப் பற்றிக் கேட்க முடியாது. சோயா என்றால், களைக்கொல்லித் தெளிப்பு கூடியதா என்பதுதான் கேள்வி.

குணத்தைச் சொன்னால் அதன் எல்லையையும் சொல்லுங்கள். பி.டி. பருத்தி காய்ப்புழுவுக்கு எதிரானது. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் சாறு உறிஞ்சுபவை; அவற்றை அது ஒன்றும் செய்யாது. இந்தியாவில் இந்தப் பருத்திக்கு அனுமதி கிடைத்தது 2002 மார்ச்சில். ஒற்றை மரபணு விதையை இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் தாங்கப் பழகிவிட்டது என்று 2010இல் விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. பின்னர் இரட்டை மரபணு விதையும் அதே புழுவிடம் தோற்றது. ஆகவே ‘பூச்சியே அண்டாத பருத்தி’ என்று எழுதுவது பொய். ‘பி.டி. படுதோல்வி’ என்று ஒரே அடியாக முடிப்பதும் சரியில்லை. எந்தப் புழு, எந்த ஆண்டு, எந்த விதை என்று பிரித்தால்தான் விவசாயிக்குப் பயன்.

அனுமதி எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். பி.டி. கத்தரிக்காய்க்கு மத்திய ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் சரி சொன்னது. ஆனால் 2010 பிப்ரவரி 9 அன்று, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். நிறுத்திவைப்பு வேறு, நிரந்தரத் தடை வேறு. அதே கத்தரிக்காய்க்கு வங்கதேசம் 2013இல் அனுமதி தந்து, மறு ஆண்டே விவசாயிகளிடம் நாற்று போய்ச் சேர்ந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான டி.எம்.எச். 11 கடுகுக்கு 2022 அக்டோபரில் பச்சைக்கொடி; 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். ‘கடுகு வந்துவிட்டது’, ‘கடுகு விரட்டப்பட்டது’ என்ற இரண்டு தலைப்பும் அவசரத் தலைப்புகள்.

ஓர் ஆய்வைச் சொன்னால் அதன் பின்கதையையும் சொல்லுங்கள். மரபணு மாற்றிய (ஜி.எம்.) மக்காச்சோளம் தின்று கட்டி வந்ததாகக் காட்டும் எலிப் படங்கள் இன்னும் சுற்றுகின்றன. அவை பிரான்சின் செராலினி குழு 2012இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தவை. எலிகளின் எண்ணிக்கை போதாது, இயல்பிலேயே அடிக்கடி கட்டி வரும் எலி இனம் அது என்ற விமர்சனங்களுக்குப் பிறகு, 2013இல் அந்த ஆய்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2014இல் வேறோர் இதழ் அதை மறுபடி வெளியிட்டது. மூன்றையும் எழுதுங்கள். மறுபக்கத்துக்கும் இதே விதிதான்: விதை நிறுவனம் பணம் கொடுத்து நடத்திய ஆய்வு என்றால், வாசகர் அதையும் அறிய வேண்டும்.

மருந்தை மறக்காதீர்கள். 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்ற மனித இன்சுலின், மரபணு மாற்றிய பாக்டீரியாவில் தயாரானது. அதற்கு முன் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். ‘மரபணு மாற்றிய எதுவும் உடம்புக்கு ஆகாது’ என்று எழுதும் கை, வீட்டில் யாருக்காவது தினமும் இன்சுலின் போட்டுவிடும் கையாகவும் இருக்கலாம்.

செய்யக்கூடாதவை

ஹைபிரிட்டை ஜி.எம். என்று எழுதாதீர்கள். நம் பத்திரிகைகளில் இதைவிடப் பரவலான தவறு இல்லை. வீரிய ஒட்டு ரகம் என்பது இரண்டு பெற்றோர்ச் செடிகளை மகரந்தம் மாற்றிக் கலப்பது. சந்தையில் ஒரே அளவில் அடுக்கி வைத்திருக்கும் கெட்டித்தோல் தக்காளி ஒட்டு ரகம், ஜி.எம். இல்லை. விதையில்லாத தர்பூசணி, குரோமோசோம் எண்ணிக்கை வேறுபட்ட பெற்றோரைக் கலப்பதால் வருவது. பிராய்லர் கோழி பல தலைமுறை இனத்தேர்வின் விளைவு. ஐ.ஆர். 8 நெல்லையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பதைப் பார்க்கிறேன். அது இந்தோனேசிய ரகம் ஒன்றையும் தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் கலந்து 1966இல் வெளியானது. முதல் மரபணு மாற்றச் செடியே 1983இல்தான் உருவானது. அந்த நெல்லோடு வந்த பசுமைப் புரட்சியைத் திட்ட வேண்டுமென்றால் உரத்தை, நிலத்தடி நீரை, அழிந்த நாட்டு ரகங்களைச் சொல்லித் திட்டலாம், காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

‘ஜி.எம். விதை மறுபடி முளைக்காது’ என்று எழுதாதீர்கள். மலட்டு விதைத் தொழில்நுட்பத்துக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது உண்மை. அது எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. பி.டி. பருத்தி விவசாயி வருடாவருடம் உரக்கடைக்குப் போவதற்குக் காரணம், இங்கே விற்பதில் பெரும்பாலானவை ஒட்டு ரகங்கள் என்பதே. அந்த விதையை எடுத்து வைத்து விதைத்தால் முளைக்கும். ஆனால் செடிக்குச் செடி குணம் மாறும், மகசூல் விழும். ஒட்டு ரகமும் மரபணு மாற்றமும் வேறு வேறு என்பதற்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகமே சாட்சி: பி.டி. கத்தரிக்காய் முயற்சியில் அது எடுத்துக்கொண்டவை கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 போன்ற சாதாரண ரகங்கள். விவசாயி விதை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடியவை. விதை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி எனக்கு முக்கியமானதாகவே படுகிறது. அதற்குள் ‘தின்றால் நோய்’ என்ற கேள்வியைக் கலந்துவிட்டால் இரண்டுக்கும் பதில் கிடைக்காது.

‘நாம் ஜி.எம். சாப்பிடுவதே இல்லை’ என்றும் எழுதாதீர்கள். இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு வந்தது பருத்தி ஒன்றுதான். ஆனால் பருத்திவிதை எண்ணெய் சமையலுக்குப் போகிறது, புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. அர்ஜென்டினாவிலிருந்து வரும் சோயா எண்ணெய் பெரும்பாலும் ஜி.எம். சோயாவில் ஆட்டியதே. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக மிஞ்சாது என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்தினால் பயமுறுத்தியதாகும்.

மீன் மரபணு போட்ட தக்காளி கடையில் விற்பதாக எழுதாதீர்கள். சோதனையாக முயன்றார்கள், சந்தைக்கு வரவில்லை.

வைரஸ் தானாக மாறுவதற்கும் ‘மரபணு மாற்றம்’ என்ற சொல்லைப் போடாதீர்கள். அதற்குத் திடீர் மாற்றம், உருமாற்றம் என்று வழக்கில் சொற்கள் இருக்கின்றன.

மரபணுத் திருத்தத்தை மரபணு மாற்றத்தோடு குழப்பாதீர்கள். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த கமலா, பூசா டி.எஸ்.டி. 1 ஆகிய நெல் ரகங்களில் வேற்று உயிரின் மரபணு இல்லை. நெல்லின் சொந்த மரபணுவிலேயே திருத்தம் செய்தார்கள். இத்தகைய ரகங்களுக்கு 2022இல் விதி தளர்த்தப்பட்டது. அந்தத் தளர்வு சரியா என்று தாராளமாகச் சண்டை போடுங்கள், சரியான பெயரைச் சொல்லிவிட்டு.

அவசரத்தில் ‘மரபணு இல்லாத கீரை’ என்று தலைப்பு வைக்காதீர்கள். மரபணு இல்லாமல் கீரை ஏது?

படம் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் ஒன்று. தக்காளிக்குள் ஊசி குத்தி நீலத் திரவம் ஏற்றும் படத்தைப் போடாதீர்கள். காயில் ஊசி போட்டு யாரும் மரபணு மாற்றுவதில்லை. அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வழியாகவோ, மரபணு பூசிய நுண்துகள்களைச் சுட்டோ செல்லுக்குள் நுழைத்து, அந்தச் செல்லிலிருந்து திசு வளர்ப்பில் முழுச் செடியை எடுக்கிறார்கள். பருத்தியைப் பற்றிய கட்டுரைக்குப் பருத்திக் காயின் படம் போதும்; முடிந்தால் அதைக் குடைந்த புழுவோடு.