தியானம் என்றால் மனம் காலியாவதா?

நம்பிக்கை: தியானத்தில் எண்ணமே வரக்கூடாது.

புதிதாக உட்காருகிறவர்கள் பலர் பாதியில் விட்டுவிடுவது இந்த ஒரு நினைப்பால்தான். கண்ணை மூடி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்று மனம் எண்ணத் தொடங்கும். மாதத் தவணை ஞாபகம் வரும். நேற்று அலுவலகத்தில் ஒருவர் சொன்ன சொல்லுக்கு இன்று பதில் தயாராகும். கால் மரத்துப்போகும். ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று எழுந்துவிடுவார்கள்.

புத்தரின் உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 20-ஆவது சூத்திரம் முழுவதும் இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். குறுக்கே வரும் தீய எண்ணங்களை என்ன செய்வது என்று புத்தர் அதில் துறவிகளுக்கு ஐந்து வழி சொல்கிறார்: அந்த இடத்தில் நல்ல எண்ணம் ஒன்றை வைப்பது, வந்த எண்ணத்தால் விளையும் கேட்டைப் பார்ப்பது, கண்டுகொள்ளாமல் விடுவது, அது எதனால் எழுகிறது என்று கவனித்து மெல்லத் தணிப்பது, எதுவும் பலிக்காவிட்டால் கடைசியாகப் பல்லைக் கடித்து அடக்குவது. வீடு வாசலைத் துறந்தவர்களுக்கே ஐந்து வழி தேவைப்பட்டிருக்கிறது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே பத்து நிமிடம் ஒதுக்குகிறவர், மனம் ஓடுவதைப் பார்த்து வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனாபானசதி சூத்திரம் மூச்சுத் தியானத்தை 16 படிகளாகச் சொல்கிறது. முதல் இரண்டு படிகளில் மூச்சை மாற்றும் வேலையே இல்லை. நீளமாக வந்தால் நீளம், குட்டையாக வந்தால் குட்டை என்று தெரிந்துகொண்டால் போதும். உடலைச் சாந்தப்படுத்துவது நான்காவது படியில்தான் வருகிறது. அமைதி கிடைக்கவில்லையே என்று முதல் வாரமே ஏங்குகிறவர் மூன்று படிகளைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார். மூச்சை விட்டுவிட்டோம் என்று உறைத்துத் திரும்பும் அந்தக் கணமே தொடக்கக்காரருக்கான பயிற்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம்பிக்கை: பத்மாசனம் போட்டால்தான் தியானம்.

புத்தரின் சதிபட்டான சூத்திரம் நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது என்று நான்கு நிலைகளையும் சொல்கிறது. மூட்டுவலி உள்ளவர்கள் தாராளமாக நாற்காலியில் உட்காரலாம்.

நம்பிக்கை: தியானம் இருந்தால் மனநோய்க்கு மாத்திரை வேண்டாம்.

இது ஆபத்தான பேச்சு. மருத்துவரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்தக்கூடாது. நாள் முழுக்க மௌனமாக உட்காருவது சிலருக்குப் பதற்றத்தையும் பழைய காயங்களையும் கிளறிவிடும். விபாசனா தியான ஆசிரியர் கோயங்காவின் மரபில் நடக்கும் பத்து நாள் முகாம்கள் விண்ணப்பத்திலேயே மனநல விவரம் கேட்பது இதனால்தான். அதை மறைத்துவிட்டுப் போகாதீர்கள்.

நம்பிக்கை: பிறர் துன்பம் கண்டு உருகி அழுவதே கருணை.

நம் சினிமாவும் தொடர்களும் ஊட்டி வளர்த்த எண்ணம் இது. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட துறவி ஒருவர் தம் மலத்திலேயே கிடக்கிறார். அவரால் மற்றவர்களுக்கு ஒரு உபகாரமும் இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. சீடர் ஆனந்தருடன் அந்தப் பக்கம் வந்த புத்தர் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு துறவிகளின் சங்கத்தைக் கூட்டி, நோயாளியைப் பார்த்துக்கொள்வது தமக்கே செய்யும் பணிவிடை என்கிறார் புத்தர். நல்ல பணிவிடைக்காரருக்கு என்ன வேண்டும் என்றும் விளக்குகிறார்: மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும், எது ஆகாது என்று அறிந்திருக்க வேண்டும், மலத்தையும் வாந்தியையும் அருவருப்பில்லாமல் அள்ள வேண்டும். கண்ணீர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் விசுத்திமக்கம் என்ற தியான நூலை எழுதிய புத்தகோசர் (நம் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர்) கருணைக்கு இரண்டு பகைகளைக் காட்டுகிறார். தூரத்துப் பகை கொடுமை. பக்கத்துப் பகை துக்கம். பார்வைக்குக் கருணை போலவே இருப்பதால் அது எளிதில் ஏமாற்றிவிடும். நரம்பியல் ஆய்வாளர்கள் டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே வருகிறது. பிறர் துயரக் காட்சிகளைப் பார்த்து அந்த வலியைத் தாமும் உணரப் பழகியவர்களுக்கு மனச்சோர்வான உணர்வுகள் கூடின. அதே ஆட்கள் பிறகு கருணைப் பயிற்சி பெற்றபோது சோர்வு குறைந்தது, இதமான உணர்வுகள் கூடின. முதியவர்களையும் நோயாளிகளையும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். நீங்கள் உடைந்துபோகாமல் இருப்பது கல்நெஞ்சம் அல்ல.

நம்பிக்கை: எடுத்த எடுப்பிலேயே எதிரியையும் நேசிக்க வேண்டும்.

விசுத்திமக்கம் வைக்கிற வரிசையே வேறு. பிறர் நலம் நினைக்கும் மைத்ரி தியானத்தில் ‘நான் நலமாக இருக்க வேண்டும்’ என்று தன்னிடம் தொடங்க வேண்டும். அடுத்து நாம் மதிக்கும் ஆசிரியர் போன்ற ஒருவர், பிறகு நெருங்கிய நண்பர், அதன்பின் விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர். தினம் பால் பாக்கெட் போடுகிறவராக இருக்கலாம். பகையாளி கடைசியில்தான். தன்னை முதலில் வைப்பது சுயநலம் ஆகாது. நமக்கு நலம் வேண்டும் என்ற ஆசை நமக்கே தெரிந்தது. அதை அளவுகோலாக வைத்துத்தான் அடுத்தவரின் ஆசையும் புரிகிறது.

அடித்து வதைத்த ஒருவருக்கு நலம் நினைப்பது, அவர் வீட்டுக்குத் திரும்பிப் போவதோ புகாரை வாபஸ் வாங்குவதோ ஆகாது. அவர் முகம் மனதில் வந்ததும் கோபம் பொங்கினால், முந்தைய ஆட்களிடமே திரும்பி வந்து, மனம் இளகிய பிறகு மறுபடி முயலச் சொல்கிறார் புத்தகோசர். முதல் சில மாதங்கள் அந்த முகத்தின் பக்கமே போகாமல் இருந்தாலும் தவறில்லை.